அங்கியும் அங்கீட்டியும்: காவலூர் மலைப்பாதையில் ஒரு மார்கழி இரவு

மார்கழி பதினாறாம் நாள் காலை ஏழு மணிக்குக் காட்பாடி நிலையத்தில் புகைவண்டி ஏறினேன். வாணியம்பாடி வரை நாற்பத்திரண்டு கல் தொலைவு. மூன்றாம் வகுப்புக் கட்டணம் பதினான்கு அணா. சவ்வாது மலையில் காவலூருக்கு அருகே நடுகல் ஒன்று கிடப்பதாகவும், அதன் எழுத்துகள் இன்னும் முற்றும் தேய்ந்துவிடவில்லை என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதனைப் படியெடுத்து வருவதே என் நோக்கம். பையில் தாளும் மையும் கனத்த போர்வை ஒன்றும் இருந்தன. மலைக்குளிருக்கு ஒரு போர்வை போதும் என்று நம்பிப் புறப்பட்டவன் நான்.

ஆம்பூரில் வண்டி நின்றபோது, தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளின் நெடி பெட்டிக்குள் புகுந்தது. மேலாடையால் மூக்கை மூடிக்கொண்டேன். அப்போது ஏறிய ஐம்பது அகவை மதிக்கத்தக்க ஒருவர் எதிரில் அமர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூக்க மூடிக்கினா ஆம்பூர் போய்டுமா ஐயா? எங்க வூட்டுச் சோறே இந்த வாசனையிலதான் வேகுது."

கரீம் சாயபு என்பது அவர் பெயர். தோல் பதனிடும் சாலை ஒன்றுக்குக் கடுக்காய் வாங்கித் தருபவர். பச்சைத் தோலைக் கெடாத தோலாக்கும் துவர்ப்பு கடுக்காயில் உண்டு. அது மலையில் விளைவது. ஆகவே அவரும் காவலூருக்கே செல்கிறார். தாம் வழக்கமாகச் சுமையேற்றும் வண்டி ஆலங்காயத்தில் காத்திருப்பதாகவும், என்னையும் ஏற்றிச் செல்வதாகவும் கூறினார். கூலி என்ன என்று கேட்டேன். "மலை ஏறும்போது வண்டி காலியாத்தான் போவுது. உங்க எடைக்கு மாடு காசு கேக்காது" என்றார்.

பத்து மணிக்கு வாணியம்பாடியில் இறங்கினோம். அங்கிருந்து ஆலங்காயம் பத்துக் கல். பேருந்துக்கு நான்கு அணா. ஓட்டுநர் வழியெங்கும் நின்று நின்று ஆளேற்றியதால் பன்னிரண்டரை மணிக்குத்தான் ஊர் சேர்ந்தோம். உணவுண்டு வண்டிப்பேட்டைக்குச் சென்றபோது கூண்டு வண்டி ஒன்று பூட்டி நின்றது. மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. அதன் மேல் தார்ப்பாய். வண்டியோட்டி கன்னியப்பன். உள்ளே அவன் தங்கை பச்சையம்மாள், பிறந்து நாற்பதே நாளான ஆண் மகவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஏழுமலை காவலூரில் கடுக்காய்க் கிடங்கின் காவலன். தன் மகனை அவன் இன்னும் கண்டதில்லை.

ஒரு மணிக்குப் புறப்பட்டோம். காவலூர் பன்னிரண்டு கல். பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடலாம் என்றான் கன்னியப்பன். ஆனால் ஐந்தாம் கல்லுக்கு மேல், ஏற்றத்தில், வலத்து மாட்டின் லாடம் கழன்று அது நொண்டத் தொடங்கியது. ஐந்தரை மணிக்கு ஒரு சமதரையில் வண்டியை நிறுத்தினான்.

"இனிமே வளைவு ஜாஸ்தி. நொண்டி மாட்ட வெச்சிக்கினு இருட்டுல ஏற முடியாது. இன்னிக்கு இங்கதான்" என்றான்.

"பனி?" என்று கேட்டேன்.

"பனியும் இங்கதான்."

கதிரவன் மறைந்ததும் குளிர் இறங்கிய விரைவை வேலூரில் இருப்போர் எண்ணிப்பார்க்கவும் இயலாது. எங்கள் ஊரில் குளிர், விடியலில் சற்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்து. இங்கோ அது வீட்டுக்குரியவனைப் போல் வந்து அமர்ந்தது. என் போர்வையை எடுத்து மேலே சுற்றினேன். கன்னியப்பன் அதனைக் கண்டு தலையசைத்தான்.

"மேல போத்தி இன்னா பண்றது ஐயா? குளிரு கீழேர்ந்து வரும். மேல ஒண்ணுன்னா கீழ ரெண்டு போடணும்."

மாட்டுக்கென வைத்திருந்த வைக்கோலில் பாதியை வண்டித் தளத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினான். அதன்மேல் கடுக்காய்க் கோணிகள் இரண்டு அடுக்கு. கால்களைக் கோணிப்பைக்குள் நுழைத்துக்கொள்ளச் சொன்னான். தலையையும் காதையும் துணியால் கட்டச் சொன்னான். ஈரம் பட்ட ஆடை ஒன்றும் உடம்பில் இருக்கலாகாது என்று என் மேலாடையைத் தொட்டுப் பார்த்து மாற்றச் செய்தான். வெளியே மூட்டிய தீயில் இரண்டு கற்களைச் சுட்டு, துணியில் பொதிந்து, ஒன்றைத் தங்கையின் காலடியிலும் மற்றொன்றை என் காலடியிலும் வைத்தான். காற்று வரும் பின்பக்கத்தைத் தார்ப்பாயால் இறுகக் கட்டினான். முன்பக்கத்திலும் கோணித் திரை தொங்கவிட்டு, அதில் ஒரு சாண் அளவு திறந்து விட்டான்.

"இது தெறந்தே இருக்கட்டும். உள்ள ரெண்டு பேரும் ஒரு புள்ளையும். மூச்சு வுடக் காத்து வரணும்."

நான் வெளியே படுப்பதாகவே முதலில் சொன்னேன். பச்சையம்மாள்தான் இசையவில்லை. "ஐயா இருமுறாரு, அண்ணே. வெளிய படுத்தா காலைல எழுந்திருக்க மாட்டாரு. நடுவுல ஒரு கோணிய கட்டிட்டா போச்சு" என்றாள். அவ்வாறே நடுவில் மறைப்புக் கட்டப்பட்டது. பின்பாதியில் தாயும் சேயும், முன்பாதியில் நான். ஆடவர் இருவரும் வெளியே தீயருகில்.

எட்டு மணி இருக்கும். கரீம் சாயபு முன்பக்கம் வந்து திறப்பின் வழியே கேட்டார்:

"ஐயா, எங்கிட்ட அங்கீட்டி ஒண்ணு இருக்கு. புள்ளைக்காவ உள்ள வெச்சிடட்டா?"

நெருப்புக்கரி இட்டு வைக்கும் கணப்புச் சட்டிக்கு அவர் மொழியில் அங்கீட்டி என்று பெயர். அச்சொல்லை நான் அன்றுவரை கேட்டதில்லை. என் செவியில் விழுந்தது அங்கி. மேற்சட்டையைத்தான் சொல்கிறார், கடைசி எழுத்துகளை ஆம்பூர் வழக்கில் இழுக்கிறார் என்று கொண்டேன்.

"மிக நன்று. பிள்ளையின் பக்கமே வையுங்கள்" என்றேன்.

"கொஞ்ச நேரம் கழிச்சி வந்து எடுத்துக்கிறேன்."

கொடுத்த ஆடையைக் கைக்குழந்தையிடமிருந்து பாதி இரவில் திரும்பப் பெறுவாரோ, இவ்வளவு சிக்கனமா என்று மனத்துள் முகம் சுளித்தேன். அவர் பின்பக்கம் சென்று, கட்டை அவிழ்த்து எதையோ பச்சையம்மாளிடம் கொடுத்து, மீண்டும் இறுகக் கட்டிய ஒலி கேட்டது.

ஒன்பது மணியளவில் குழந்தை இரண்டு முறை தும்மியது. திறப்பின் வழியே வந்த காற்று என் முகத்தில் ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது. எனக்கே இப்படியென்றால் அந்தப் பச்சிளம் உடல் என்னாகும் என்று எண்ணினேன். வண்டியோட்டியின் சொல் நினைவில் இல்லாமல் இல்லை. மூச்சு விடக் கூண்டுப் பாயின் இடைவெளிகளே போதும் என்று நானே முடிவு செய்தேன். என் போர்வையின் ஒரு முனையால் அந்த ஒரு சாண் திறப்பையும் அடைத்துவிட்டேன். சிறிது நேரத்தில் கூண்டு இதமாயிற்று. நல்ல செயல் செய்தோம் என்ற நிறைவோடு கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது தலை பிளந்துவிடும் போல் இருந்தது. வண்டியின் குலுக்கலால் வந்த வலி என்று முதலில் நினைத்தேன். குமட்டியது. தீக்குச்சி கிழித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்: பன்னிரண்டரை. அப்பொழுதுதான் ஒன்று உறைத்தது. மணிக்கொரு முறை பாலுக்கு அழும் குழந்தை அழவே இல்லை.

"அம்மா, பிள்ளை நலந்தானே?"

விடையில்லை. மறுபடி கேட்டேன். "உம்..." என்று வாய் குழறிய ஓர் ஓசை வந்தது. மறைப்பை விலக்கினேன். சாம்பல் மூடிய கரி ஒரு சட்டியில் சிவந்து கிடந்தது. அந்நொடியில் எல்லாம் விளங்கிற்று. குழந்தையை எடுக்க எழுந்தேன். முழங்கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. ஊர்ந்து சென்று முன்திரையைப் பிடித்து இழுத்துக்கொண்டே தரையில் விழுந்தேன்.

"கன்னியப்பா! பிள்ளை!"

அவன் பாய்ந்து வந்தான். சட்டி பறந்து பாறையில் உடைந்தது. தங்கையைத் தோளைப் பிடித்து இழுத்து வெளியே கிடத்தினான். குழந்தையை அவன் கையில் கண்டேன். கழுத்து வாடிய கீரைத்தண்டாய்த் துவண்டிருந்தது. கரீம் சாயபு அதன் உள்ளங்காலை விரலால் சுண்டினார். ஒன்றுமில்லை. மீண்டும் சுண்டினார். கன்னியப்பன் அதன் முகத்தைக் காற்றுக்கு நேரே பிடித்து, "டேய், டேய் ராசா" என்று ஊதினான். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல இயலாது. பின்பு ஒரு விக்கல். அதன்பின் ஒரு சிணுங்கல். அதன்பின் அந்த மலை முழுதும் கேட்குமாறு ஓர் அழுகை.

பச்சையம்மாள் தவழ்ந்து வந்து மகனை வாங்கிக்கொண்டாள்; வாங்கியவாறே வாந்தியெடுத்தாள். உயிர்கள் மீண்டன என்று தெரிந்தபின்தான் கன்னியப்பனின் சினம் வெளிப்பட்டது.

"பாய், உனக்கு புத்தி இருக்கா? பச்சப் புள்ள இருக்கற எடத்துல நெருப்புச் சட்டிய வெப்பியா?"

"கேட்டுட்டுத்தான்பா வெச்சேன். வாசல் தெறந்திருந்துச்சே! வந்து எடுக்கணும்னு இருந்தேன், கண்ணு அசந்துபோச்சு."

"கண்ணு அசந்துச்சாம்! தெறந்த வாசல் தானா மூடிக்கிச்சா? நாளைலேர்ந்து உன் மூட்டைய வேற எவனாவது ஏத்தட்டும். உன் காசும் வேணாம், உன் சகவாசமும் வேணாம்."

கரீம் சாயபு பாறையருகே சென்றார். உடைந்த சட்டியின் துண்டுகளைப் பார்த்தவாறு நின்றார். தம் கையால்தான் இது நேர்ந்தது என்று அவரே நம்பிவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் சுமையைக் கன்னியப்பனே ஏற்றி வந்தான் என்று வழியில் இருவரும் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நான் வாய் மூடி இருந்தேன். தலைவலியைக் காரணம் காட்டலாம். ஆனால் காரணம் அச்சமே.

"கன்னியப்பா, வாசலை மூடியவன் நான்" என்றேன். "சட்டியை உள்ளே வைக்கச் சொன்னவனும் நானே. அவர் அங்கீட்டி என்றார். நான் அங்கி என்று கொண்டேன்."

சாயபு திரும்பினார். "அங்கியா? கோட்டா? நான் பாதி ராத்திரில வந்து புள்ள மேலேர்ந்து கோட்ட உருவிக்கினு போவேன்னா நெனச்சீங்க?"

"ஆம், அப்படித்தான் நினைத்தேன்."

"அடப் பாவி ஐயா!" என்றார். சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியாத ஒலி அவரிடமிருந்து வந்தது. பச்சையம்மாளும் அந்த நிலையில் சற்றே சிரித்தாள். கன்னியப்பன் சிரிக்கவில்லை.

"படிச்சவரு நீங்க. புரியலன்னா அது இன்னான்னு ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா கேடு?"

கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் புரியவில்லை என்பதே எனக்குத் தெரியாதிருந்தது. அறியாத சொல்லை அறிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் நூல் படிப்போருக்கு உண்டு. தேய்ந்த கல்லெழுத்தைப் படிப்போருக்கு இன்னும் மிகுதி. கல்லில் அப்படிப் பிழைபட்டால் மற்றொருவர் திருத்துவார்.

எஞ்சிய இரவை வெளியில் கழித்தோம். நொண்டி மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் விலாவை ஒட்டி வைக்கோலைக் குவித்து, பச்சையம்மாளை அதில் சாய்ந்து உட்காரச் செய்தான் கன்னியப்பன். குழந்தையைத் தாயின் மார்போடு உடலொட்டப் பொருத்தி, சாயபு தம் பஞ்சு மெத்தைப் போர்வையை இருவர் மேலும் சுற்றினார். குழந்தையின் முகம் மட்டும் வெளியே. மாட்டின் மூச்சு ஒருபுறம், தீ மறுபுறம். நான் தீக்கு விறகு இடும் பணியை ஏற்று, குழந்தை மூச்சுவிடுவதைப் பார்த்தவாறு விடியும்வரை அமர்ந்திருந்தேன். காலடிப் புல்லில் வெண்பனி படிந்தது. ஒருவரும் விறைக்கவில்லை.

பதினேழாம் நாள் காலை பதினொரு மணிக்குக் காவலூர் சேர்ந்தோம். ஏழுமலை ஓடிவந்து மகனை வாங்கினான். "ராத்திரி குளிரு கம்மியா?" என்று கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததை நானே கூறினேன். அவன் முழுவதும் கேட்டான். பின் குழந்தையை உள்ளே எடுத்துச் சென்றான்.

இரண்டு நாள் அங்கே தங்கினேன். கடுக்காய்க் கிடங்கில் சாயபுவும் நானும் மூட்டைகளுக்கிடையே படுத்தோம். நடுகல்லில் ஏழு வரிகள், ஐந்தைப் படியெடுத்தேன். மற்ற இரண்டில் ஐயத்துக்குரிய எழுத்துகளை நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டேன். வேளைதோறும் பச்சையம்மாள் கேழ்வரகுக் கூழ் கொடுத்தனுப்பினாள். ஏழுமலை என்னைக் கண்டால் வேறு பக்கம் நடந்தான். அதில் எனக்குக் குறையில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணி. மாட்டுக்குப் புது லாடம் அடித்தாயிற்று; கடுக்காய் ஏற்றிய வண்டி கீழிறங்க ஆயத்தமாயிற்று. கன்னியப்பன்தான் ஓட்டினான், சாயபு அவன் அருகில். பின்னால் மூட்டைமேல் நான். வேலூரில் இந்நேரம் சாளரங்களை அடைத்து, கம்பளிக்குள் சுருண்டு, குளிர் மிகுதி என்று குறைபட்டுக்கொண்டிருப்பார்கள். கதவடைத்த வீட்டில் இருந்துகொண்டு நம்மை நாமே காத்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறோம். அந்த மலையில் என்னைக் காத்தவை பிறருடைய வைக்கோலும் பிறருடைய கோணியும்.

வண்டி நகர்ந்தது. முதல் வளைவில் ஏழுமலை நின்றிருந்தான். சக்கரத்தை ஒட்டிப் பத்தடி நடந்து வந்தான்; என் முகத்தைப் பாராமல், மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"புள்ள நேத்திலேர்ந்து நல்லா பால் குடிக்கிறான் ஐயா."

எழுத்திலும் பேச்சிலும் நான் தேடித்தேடி வைத்திருக்கும் தூய சொற்களுள் ஒன்றும் அப்போது நாவிற்கு வரவில்லை.

"சந்தோசம்பா" என்றேன்.