குனிந்தபடி பார்த்த படம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையும் அதுதான். நகரத்தில் எங்கே லிஃப்ட் பாதி வழியில் நின்றாலும் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், வெளியே காத்திருப்பவர்கள் திட்டுவார்கள், இவர் மோட்டார் அறையில் ஸ்பேனரோடு வியர்த்துக்கொண்டிருப்பார். காலமெல்லாம் இப்படியே ஓடியதில் பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தமாகிவிட்டது. ஒன்று நிற்கிறது என்றால் அவருக்கு அது கோளாறு. வேறு அர்த்தம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவிக்குக் கொரியக் காதல் படங்கள் என்றால் உயிர். மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து சோஃபாவில் காலை நீட்டினால் அவளுக்கு அதுதான் வேண்டும். அந்தப் படங்களில் ஒருத்தன் ஒருத்தியைப் பார்ப்பான். அவள் குனிந்துகொள்வாள். மழை பெய்யும். மறுபடி பார்ப்பான். பாதிப் படம் போன பிறகுதான் அவள் பெயரையே கேட்பான். லிஃப்ட்காரர் தண்ணீர் குடிக்கக் கூடத்தைக் கடக்கும்போது, "இன்னுமா கையப் பிடிக்கல? இந்த வேகத்துல போனா இவனுக்கு அறுபது வயசுலதான் கல்யாணம்" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் படுக்கப் போவார். அநேகமாக அன்றைக்கு வீட்டில் அவர் பேசியதே அவ்வளவுதான். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. நாளெல்லாம் ஊரார் கத்தலைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் வாயைத் திறக்கத் தோன்றாது. மகளும் படிக்க வெளியூர் போய்விட்ட பிறகு, அந்த ஒரு போடும் இல்லையென்றால் வீடு ஊமைப்படம்தான்.

போன வருஷம் மனைவியின் வலது கண்ணில் திடீரென்று ஒரு நிழல் இறங்கியது. விழித்திரை பிரிந்துவிட்டது என்றார் கண் டாக்டர். ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழியை வைத்து அனுப்பினார்.

"அந்தக் குமிழி மேல ஏறி விழித்திரைய அழுத்திப் பிடிக்கணும். அதுக்கு உங்க முகம் தரையப் பாத்தே இருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக, அதுக்கு மட்டும் எந்திரிக்கலாம். அப்பவும் குனிஞ்சேதான். ரெண்டு வாரம். தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்கன்னா திரை ஒட்டாது, அந்தக் கண்ண மறந்துட வேண்டியதுதான்."

லிஃப்ட்காரர் லீவு போட்டார். ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை வெட்டி, விளிம்பில் பஞ்சு சுற்றி, நெற்றியையும் தாடையையும் தாங்குகிற மாதிரி கூடத்தில் போட்ட கட்டிலோடு முடுக்கினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மனுஷி எவ்வளவு நேரம்தான் தரையையே பார்த்துக் கிடப்பாள்? இரண்டாம் நாளே கழுத்து பிடித்துக்கொண்டது. "போதும்ங்க, போற கண்ணு போகட்டும்" என்று எழுந்துகொள்ளப் பார்த்தாள். அவர் பின்னந்தலையில் கைவைத்துத் தடுத்தார். அவள் அழுதது தரையில் சொட்டியபோதுதான் தெரிந்தது.

மகள்தான் போனில் வழி சொன்னாள். "அப்பா, அம்மாவுக்கு டிவில படத்தப் போடுங்க. கீழ தமிழ்ல ஓடுற வரிய நீங்க படிச்சுச் சொல்லுங்க."

"போனத் தரையில வெச்சு அவளே பாத்துக்கட்டுமே."

"வரி படிக்கக் கண்ண ஆட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்ல? லிஃப்ட்டையே தூக்கி நிறுத்துறீங்க, நாலு வரி படிக்க முடியாதா?"

எந்தப் படம் போடுவது என்பதை மனைவியே சொன்னாள். லிஃப்ட்காரர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தார். "சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன்." பிறகு வரியே வரவில்லை.

"அப்புறம்?" என்றாள் கீழிருந்து.

"ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க."

"எப்படி நிக்கிறாங்க?"

"எப்படின்னா? காலாலதான்."

தலை பலகையிலிருந்து மேலே வந்தது.

"தூக்காத, தூக்காத! சொல்றேன். அவன் ஒரு ஓரம், அவ ஒரு ஓரம். நடுவுல இன்னொரு ஆளே நிக்கலாம். மழை தூறுது. அவன் கையில குடை இருக்கு, விரிக்கல."

"ஏன் விரிக்கல?"

"ஏன்னா... ஒரு குடைதானே இருக்கு? விரிச்சா ஒண்ணு அவ பக்கத்துல போகணும், இல்ல அவள நனைய விடணும். ரெண்டுக்கும் தைரியம் இல்லாம முழிக்கிறான்."

தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். தலை மெதுவாகப் பலகைக்குத் திரும்பியது. பேச்சு நின்றால் தலை எழும், பேசினால் தலை இறங்கும் என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு வாயை மூடவில்லை.

சறுக்கலும் உண்டு. ஒரு படத்தில் காதலனும் காதலியும் ஆபீஸ் லிஃப்ட்டில் தனியாக ஏறினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கவேண்டிய இடம். இவர், "கதவு சரியாவே மூடல பாரு, சென்சார்ல தூசி. இத யார் சர்வீஸ் பண்றான்?" என்று பிடித்துக்கொண்டார். அவர்கள் இறங்கிப் போன பிறகுதான் காதலர்கள் ஞாபகம் வந்தது. மனைவி பலகைக்குள் முகம் வைத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பஸ் ஸ்டாப் படத்தில் மட்டும் அவர் ஒரு தப்பு செய்தார். பையன் வேலை தேடித் தொலைதூரம் போய்விட்டான். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். பனி பெய்தது, நின்றது, அவள் எழுந்திருக்கவில்லை. லிஃப்ட்காரருக்குத் தாங்கவில்லை. "வந்துட்டான்! கையப் பிடிச்சுட்டான்! கல்யாணமும் ஆச்சு, சுபம்" என்று டிவியை அணைத்துவிட்டார். மனைவி பலகைக்குள்ளிருந்து, "நல்லதுங்க" என்றாள். அவள் தூங்கியதும் அவர் சமையலறையில் போனை வைத்துக்கொண்டு மிச்சப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையன் வரத்தான் வந்தான். ஆனால் கல்யாணமும் இல்லை, கைப்பிடிப்பும் இல்லை. சேர்ந்து நடந்தார்கள், படம் முடிந்தது. லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை.

கெடு முடிந்து டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, திரை ஒட்டிக்கொண்டது என்றார். பார்வை மெல்ல மெல்லத்தான் தெளியுமாம். லிஃப்ட்காரர் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் சாயங்காலம் வந்தபோது மனைவி சோஃபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னது அவர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

"அந்த பஸ் ஸ்டாப் படத்துல உன்ன ஏமாத்திட்டேன். அவங்களுக்குக் கல்யாணமெல்லாம் ஆகல."

"தெரியும். அதப் பல தடவ பாத்திருக்கேன்."

"அதயா?"

"எல்லாத்தையும்தான். நான் சொன்னதெல்லாம் பாத்த படம்."

லிஃப்ட்காரருக்குச் சுரீரென்றது. "அப்ப எதுக்கு என்னைத் தொண்டத்தண்ணி வத்தப் பேச வெச்ச? புதுசு எதையாவது சொல்லியிருக்கலாமே!"

"புதுப் படம்னா கதையக் கவனிக்கணும்" என்றாள் அவள். "தெரிஞ்ச படம்னா உங்களக் கேட்டுட்டு இருக்கலாம்ல."

இத்தனை வருஷமாக இந்த வீட்டில் ஒருத்தி தன் பேச்சுக்குக் காத்துக்கிடந்திருக்கிறாள், தான் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போயிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே டிவி அணைந்து கிடந்தது.

"இன்னிக்கு ஒரு லிஃப்ட்டுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தார்.