பனித்தீவில் மேற்கு

படகை நோக்கி நடந்து வரும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கல் குவியல் அப்படியே இருந்தது. அதற்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் வெறும் பனி. என்னோடு குழி வெட்ட வந்த இரண்டு வெள்ளைக்கார மாலுமிகள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார்கள். கரையோரத்தில் துரைகளும் துரைசானிகளும் விரிப்பு விரித்துக் கோழி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கல்லிடுக்கில் முளைத்த மஞ்சள் பூவைப் பறித்துக்கொண்டிருந்தாள். வடதுருவத்துப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பணம் கட்டி வந்தவர்கள் அவர்கள். நாங்கள் அவர்களுக்குச் சமைக்க வந்தவர்கள்.

நாங்கள் என்றால், நானும் அந்தக் கல்லுக்கு அடியில் கிடந்த அண்ணனும். சொந்த அண்ணன் இல்லை. பினாங்குத் துறைமுகத்தில் தோளில் தடி போட்டு, இருபுறமும் சோறும் கறியும் தொங்கவிட்டு விற்றவர். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரப்பர் தோட்டத்திலிருந்து ஓடி வந்து, கிடைத்த வேலையைச் செய்தவன். அவர் முஸ்லிம். நான் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுத்தவன். இரண்டு பேரும் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் ஆட்களாக இங்கிலாந்து போனோம். திரும்பி வரக் கப்பல் கிடைக்காமல் பட்டினி கிடந்த நாளில், ஊர் பார்க்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் இந்தக் கப்பலில் ஆள் எடுத்தார்கள்.

“ஐஸ் பாக்க வெள்ளக்காரனே காசு கட்டுறான். நமக்குச் சம்பளம் கொடுத்துக் காட்டுறான். வேணாம்னு சொல்றதுக்கு நீ என்ன பைத்தியமா லா?” என்றார் அண்ணன்.

வடக்கே போகப் போகச் சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது. செக்குமாடு போல வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தொழுகைக்கு நின்றால் எது எந்தத் திசை என்று அவருக்குக் குழம்பிப்போகும். கப்பல் அதிகாரி ஒருவரிடம் கேட்பார். அவர் திசைகாட்டியைப் பார்த்து மேற்கைக் காட்டுவார். அண்ணன் அந்தப் பக்கம் பாய் விரிப்பார். ஊரில் எந்தப் பள்ளிவாசலும் மேற்கே பார்த்துத்தான் நிற்கிறது. அவருக்கும் எனக்கும் அதில் சந்தேகமே வந்ததில்லை.

குளிர் அவர் நெஞ்சில் இறங்கியது. இருமல், பிறகு காய்ச்சல். கப்பல் பனிமலை சூழ்ந்த ஒரு குடாவில் நங்கூரம் போட்டபோது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை.

“கடல்ல போடுவாங்க தம்பி. விடாதே. மண்ணுல வை. வலப்பக்கமா சாச்சு, முகத்த மேற்கே திருப்பி வச்சிடு.”

“சும்மா இருங்கண்ணே. ஊருக்குப் போயி அக்கா கையால சோறு தின்னத்தான் போறீங்க.”

“கத பேசாதே. மேற்கே. மறந்துறாதே.”

மறக்கவில்லை. கரை பக்கத்திலேயே இருந்ததால் கேப்டன் சம்மதித்தார். சமையலறையில் வெந்நீர் வைத்து நானே குளிப்பாட்டினேன். வெள்ளை மேசைவிரிப்பு கேட்டு வாங்கிச் சுற்றினேன். இரண்டு சாணுக்குக் கீழே மண் இரும்பாக உறைந்திருந்தது. கடப்பாரை பட்டால் தீப்பொறி பறந்தது. திசைகாட்டியோடு அந்த அதிகாரியே வந்து நின்று கையை நீட்டினார். அவர் காட்டிய பக்கம் முகத்தைத் திருப்பி வைத்து, மேலே கல் அடுக்கினோம். பக்கத்தில் எந்தக் காலத்திலோ திமிங்கில வேட்டைக்கு வந்து செத்தவர்களின் பெட்டிகள் பாதி வெளியே தெரிந்தன. இந்த ஊர் மண் புதைத்ததை மெல்ல மேலே தள்ளிவிடும் என்றார் அதிகாரி. சாப்பிட்டு முடித்த துரை ஒருவர் வந்து படம் எடுத்தார். என்னைக் கல் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். பரிமாறுவதற்கு முன் அகப்பையை அண்டா விளிம்பில் டக் டக்கென்று தட்டுவார். திரும்பும் வழியெல்லாம் சமையலறையில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அகப்பை ஆணியில் தொங்கும். கப்பல் அசையாமல் நின்ற நாளிலும் கேட்டது.

பினாங்கில் இறங்கி, சூலியா தெருவை ஒட்டிய சந்தில் அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னமே ஒரு மாலுமி மூலம் செய்தி வந்து, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி வெள்ளை உடுத்தி இருந்தார். அழுது முடித்த முகம். ஒன்றுதான் கேட்டார்.

“எந்தப் பக்கம் பாத்து வச்சீங்க தம்பி?”

“மேற்கேதான் அக்கா. திசைகாட்டி வச்சுப் பாத்தோம்.”

அவர் மூச்சு இறங்கியது. “அது போதும்” என்றார். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். உள்ளேயிருந்து அக்காவின் தம்பி காப்பி கொண்டு வந்தார். ஹஜ் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறவர். மக்காவைப் பார்த்தவர்.

“கப்பல் எந்த வழியாப் போச்சு?” என்றார்.

“சூயஸ் கால்வாய்.”

“அப்ப மக்காவைத் தாண்டிட்டீங்க. பெறகு?”

“வடக்கே. இன்னும் வடக்கே.”

அவர் காப்பித் தம்ளரைப் பாய் நடுவில் வைத்தார். “இது மக்கா.” தீப்பெட்டியை அதற்குக் கிழக்கே வைத்தார். “இது பினாங்கு. இங்கேருந்து பாத்தா மேற்கே. நீங்க போனது இங்கே.” விரலைத் தம்ளருக்கு வடக்கே வெகுதூரம், பாய்க்கு வெளியே தரையில் ஊன்றினார். “இங்கேருந்து மக்கா தெற்கேல்ல இருக்கு?”

நான் விரலையும் தம்ளரையும் பார்த்தேன். அண்ணன் பனியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“தெரியாம செஞ்சதுக்குக் கேள்வி இல்லக்கா. ஆண்டவனுக்குத் தெரியும்” என்றார் தம்பி.

“ஆண்டவனுக்குத் தெரியும். நான் எப்படித் தூங்குறது?” என்று அக்கா என் பக்கம் திரும்பினார். “போயித் திருப்பி வச்சிட்டு வா.”

“அக்கா, அது உலகத்தோட கடைசி.”

“ஐஸ் பாக்கப் போகத் தெரிஞ்சுதுல்ல?”

“அண்ணன் சொன்னபடிதானே செஞ்சேன்.”

“அவருக்குத் தெரியாது. ஒனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே.”

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனேன். லண்டன் போகும் கப்பல் ஒன்று நின்றது. லண்டனுக்கு அப்பால் எப்படிப் போவது, அந்தக் குடாவுக்கு இனி எந்தக் கப்பலாவது போகுமா என்று எனக்குத் தெரியாது. சமையலுக்கு ஆள் நிரம்பிவிட்டது என்றார்கள். அடியில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட ஒருவன் குறைந்தான். மேஸ்திரி என் கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போகச் சொன்னான்.