வெள்ளிக்கிழமைப் பந்துவீச்சாளர்

கான்வாஸ் ஷூவுக்குப் பூசிய வெள்ளைச் சாயம் காயும்போது ஒரு வாடை வரும், ஈரச் சுண்ணாம்பில் வியர்வையைக் குழைத்த மாதிரி. எழுபதுகளின் நடுவில் துபாய் சத்வாவில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலமானால் அந்த வாடைதான். அப்பாவின் தம்பி கண்ணன் சித்தப்பா ஷூவை வெளுத்து ஜன்னலோரம் காயவைத்திருப்பார். மறுநாள் வெள்ளிக்கிழமை, 'லீவு', மேட்ச்.

திருச்சிக் கல்லூரியில் அவர் பந்து வீசிய மூன்று வருடமும், எதிரே மட்டை பிடிக்க வந்தவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள் என்று அம்மாவே சொல்வாள். அன்றைக்கு அப்படி ஆடுகிறவனுக்கு இருந்தது ஒரே பாதை: மாநில அணி, அதைக் காட்டி ஒரு பாங்க் வேலை, பிறகு பத்துப் பதினைந்து வருஷ ஆட்டம். அந்த அழைப்பு வருவதற்குள் அப்பா விசா எடுத்து, தான் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனிக்கே அவரை வரவழைத்துவிட்டார். பெயருக்கு 'ஸ்டோர்ஸ்' குமாஸ்தா. உண்மையில் வெள்ளைக்கார மானேஜரின் கிரிக்கெட் டீமுக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளர். மணல் மைதானத்தில் தென்னைநார் விரிப்பை ஆணியடித்து ஆடும் ஆட்டம் அது. சித்தப்பா வந்த பிறகு கம்பெனி தோற்பது நின்றது, மானேஜர் அப்பாவின் தோளில் கைபோட்டுப் பேச ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் கல்லூரிக் கோச்சிடமிருந்து தந்தி வந்தது. மாநில அணித் தேர்வு முகாமுக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பத்து நாளில் மெட்ராஸில் இருக்க வேண்டும். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார் மனுஷர். "பாப்பா, உன் சித்தப்பன் போட்டோ பேப்பர்ல வரப்போவுது பாரு!"

ஊழியர்களின் பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனியிடம்தான் இருக்கும். அவற்றைப் பூட்டிவைக்கும் பொறுப்பு அப்பாவுடையது. அவர் தந்தியை இரண்டு முறை படித்தார். "உன் பாஸ்போர்ட்ட மானேஜர் வாங்கி வச்சிருக்கான்டா. அந்தாளு பஹ்ரைன் போயிருக்கான். வரட்டும், பேசிக்கலாம்" என்றார்.

மூன்றாம் நாள், பள்ளி விழாவுக்காக அம்மாவின் பாசிமாலையைத் தேடி பீரோவைக் குடைந்த நான், அவளுடைய கூறைப்புடவைக்கு அடியில் நீல அட்டை போட்ட பாஸ்போர்ட் ஒன்றைக் கண்டேன். திறந்தால் சித்தப்பாவின் படம். பின்னால் வந்து நின்ற அம்மா அதைப் பிடுங்கிப் பழையபடி வைத்துப் பூட்டினாள். "நீ ஒண்ணும் பாக்கல. அவரு கெளம்பிப் போயிட்டா மானேஜர் உங்கப்பாவச் சும்மா விடுவானா? வர்ற மாசம்தான் புரமோஷன். வாயத் தொறந்தே, தோல உரிச்சிருவேன்."

எனக்கு அப்போது பத்து வயது. பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று சொல்லித் தப்பிக்கலாம், பொய். புரமோஷன் வந்தால் கார் வாங்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார், எனக்குக் கார் வேண்டியிருந்தது. தினமும் சித்தப்பா வாசலிலேயே நின்று, "மானேஜர் வந்தாச்சாண்ணே?" என்பார், அப்பா 'மாஃபி' என்று அரபியில் இல்லை சொல்லிக் கையை விரிப்பார். என்ன நடிப்பு! முகாம் தொடங்கிய வெள்ளிக்கிழமை, அதே மணலில், சித்தப்பா எட்டு விக்கெட் எடுத்தார். முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்த மானேஜர் துள்ளிக் குதித்தார். இரண்டு மாதத்தில் காரும் வந்தது, ஜன்னலோர சீட் எனக்கு.

சித்தப்பாவின் கல்லூரித் தோழர் ஒருவர் அந்த முகாமுக்குப் போய், மாநில அணியில் பல வருடம் ஆடி, பாங்க் அதிகாரியாக ஓய்வுபெற்றார். சித்தப்பாவும் ஒன்றும் குறைந்த காலம் உழைக்கவில்லை: ஸ்டோர்ஸில் முப்பது வருடம் ஆணியும் பெயின்ட் டப்பாவும், முட்டி தேயும்வரை வெள்ளிக்கிழமைப் பந்துவீச்சும். ஊரார் 'நல்லா செட்டில் ஆயிட்டான்' என்பார்கள். கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இன்று அந்த மைதானம் இல்லை. கார்கள் நிற்கிற ஏழடுக்குக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. கம்பெனியும் இல்லை. போன வருடம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். திருச்சி வீட்டில், அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். "எங்கண்ணன் மட்டும் கூட்டிட்டுப் போவலன்னா நான் இன்னிக்கு என்னா ஆயிருப்பேன்!"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழாதீங்க சித்தப்பா, இந்தக் காப்பியக் குடிங்க" என்றேன்.