நேராகக் கேட்டவர்

செம்பூரிலிருந்து வாஷிக்கு நான் போகும் லோக்கல் ரயிலில் அவர் தினமும் என் எதிரே உட்காருவார். வாட்ச்மேன் சீருடை, மூக்குநுனியில் கண்ணாடி, நரைத்த மீசை. போனில் ஒரு கிரைம் தொடர் பார்ப்பார். அதில் வருகிறவர்களை வாய்விட்டே திட்டுவார்.

அன்று தொடரின் கடைசிப் பகுதி. நண்பன் சொன்ன பொய்யை நம்பி, போலீஸ்காரன் தன் மனைவியைக் கொன்றுவிட்டான். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதே கதை நானூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் நாடகத்துல இருக்கு. காலேஜ்ல அதைத்தான் நடத்துறேன்," என்றேன்.

"நானூறு வருசமா ஒருத்தனும் அவகிட்ட நேராக் கேக்கலியா சார்?"

"கேப்பான். ஆனா கொல்லப் போறப்பதான் கேப்பான்."

மான்குர்ட் ஸ்டேஷன் தாண்டியதும் அவர் போனை மடியில் வைத்தார். பிறகு, "ஊர்ல எம் பொண்டாட்டியப் பத்தி ஒருத்தன் தப்பாச் சொன்னான். மூணு மாசமா நான் அவகிட்ட பேசல," என்றார்.

எழுந்து கதவருகே போய் போன் போட்டார். "ஏட்டி, நாந்தான்" என்று தொடங்கினார். மற்றது காற்றில் போயிற்று.

வாஷியில் நான் இறங்கினேன். அவரும் இறங்க வேண்டிய இடம், இறங்கவில்லை. போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியை நடத்தும்போதெல்லாம், அவருக்கு என்ன பதில் கிடைத்ததோ என்று நினைத்துக்கொள்கிறேன்.