எதால வகுத்தீங்க?

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு வகுத்தல் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. யார் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும் "எதால வகுத்தீங்க?" என்று கேட்பாள். கேன்டீனில் பாதிப் பேருக்குக் காபி பிடிக்கவில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால், எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பாள். அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்பிப்பது கஷ்டம். அதனால் அவள் வந்தால் காபி நன்றாக இருக்கிறது என்றே எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

நாட்டிலுள்ள பெண்களைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருத்திக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடிதம் போகும். அதை அச்சடித்து அனுப்புவது நான். எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது அக்கா. வந்தவர்களை, வரவேண்டியவர்களால் வகுத்தால் பங்கேற்பு விகிதம். கருப்பையை எடுத்துவிட்டவர்களை மட்டும் அந்த வரவேண்டியவர்களில் சேர்க்கக் கூடாது. இல்லாத உறுப்பில் எதைப் பரிசோதிப்பது? மற்ற அத்தனை பேரும் இருந்தாக வேண்டும்.

போன வருடம் ஒருநாள் இயக்குநர் முகமெல்லாம் பல்லாக வந்தார். விகிதம் திடீரென்று ஏறியிருந்தது. கணக்கை அவருடைய ஆட்களே புது மென்பொருளில் போட்டிருந்தார்கள். கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள். அக்கா கையில் கேக் தட்டுடன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இயக்குநர் சிரித்துக்கொண்டே, மூன்று கடிதம் போட்டும் பதில் தராதவர்களை விருப்பமில்லாதவர்கள் என்று எடுத்துவிட்டதாகச் சொன்னார். வராதவர்களை ஏன் வீணாகச் சுமக்க வேண்டும் என்றார். அக்கா கேக்கைத் தொடாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டாள்.

பரிசோதனைக்குக் கூடுதலாக ஒருத்திகூட வந்திருக்கவில்லை. சாப்பாடு கிடைக்காதவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருக்கிற எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்கிற கதை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அக்கா எண்ணுவதும் நான் கடிதம் அனுப்புவதும் ஒரே பதிவிலிருந்துதான். கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவளுக்கு என் இயந்திரம் இனி ஒருநாளும் கடிதம் அச்சடிக்காது. யாரைத் தேடிப் பிடிக்க வேண்டுமோ அவளையே தொலைத்துவிட்டுக் கேக் தின்றார்கள். அக்கா எழுதி எழுதிக் கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். வாடகை ஏற ஏற வீடு மாற்றிக்கொண்டே இருப்பவள். வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்று சமையலறையில் குரலைத் தாழ்த்தி, சில மாதமாக நாள் இல்லாத நாளிலும் உதிரம் படுகிறது என்றாளாம். பரிசோதனைக்குப் போனாயா என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவள் சொன்ன பதிலை மறுநாள் என் மேசைக்கு வந்து அப்படியே சொன்னாள் அக்கா.

"போன வருஷமே போனேன் அண்ணி. கம்ப்யூட்டர்ல என் பேரே வரலையாம். கடிதம் வந்ததும் வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்க ஆபீஸ் கடிதம்தானே, எனக்கு வராம எங்க போயிடும்னு இருந்துட்டேன்."

மூன்று கடிதமும் அவள் எப்போதோ காலி செய்த வீட்டுக்குப் போயிருந்தன. பதில் வரவில்லை, ஆகவே அவள் விருப்பமில்லாதவள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறி, வரிசையில் நின்று, பேர் இல்லை என்று கேட்டுத் திரும்பி வந்தவள் விருப்பமில்லாதவளாம். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவளைத் திருப்பி அனுப்பிய அன்றே பார்த்திருந்தால் சின்னதாகச் சுட்டு எடுத்துவிட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இப்போது கருப்பையை எடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு, அதற்குப் பிறகு பார்க்கலாம். அந்தப் "பார்க்கலாம்" அக்காவைத் தூங்கவிடவில்லை.

வருட அறிக்கை அமைச்சகத்துக்குப் போகும் சமயம் அது. அக்காவின் கையெழுத்து இல்லாமல் போகாது. எடுத்தவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், கடிதம் இல்லாமல் வந்தாலும் பரிசோதிக்க வேண்டும், அதுவரை போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இயக்குநர் முதலில் குழைந்தார். பிறகு, வேறு பிரிவுக்குத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டினார். கடைசியில் எங்கள் எல்லார் முன்னாலும் வந்து நின்றார்.

"உங்க வீட்டு விஷயத்தை ஆபீசுக்குள்ள கொண்டு வராதீங்க மேடம்."

"எங்க வீட்டு ஆள் ஒருத்திதான் சார். தூக்கிப்போட்ட மத்தவங்கல்லாம் யார் வீடு?"

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கெடு தாண்டியது. அமைச்சகத்திலிருந்து கேள்வி மேல் கேள்வி வந்ததும், மென்பொருள் கோளாறு என்று பூசி மெழுகிவிட்டு எல்லாரையும் திரும்பச் சேர்த்தார். இடையில் அவர்களுக்குக் கடிதமே போகாததால் விகிதம் முன்பிருந்ததைவிடக் கீழே போனது. யாரும் கேக் வாங்கவில்லை. என் இயந்திரம் சூடேறி நின்று நின்று ஓடியது. புது முகவரிகளைத் தேடிப் பிடித்து அனுப்பினோம். பெண்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் சிலருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்து, சரியும் ஆகிவிட்டது. அக்கா ஒருநாளும் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை.

நாத்தனாருக்கு அறுவை முடிந்தது. மருத்துவமனையிலிருந்து அக்காவின் பிரிவுக்குத் தகவலும் வந்தது. கருப்பை எடுக்கப்பட்டவர், விதிப்படி நீக்க வேண்டும். நீக்குகிற வேலை அக்காவுடையது. இந்த ஒருத்தி இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த விதி சரியான விதி என்று மட்டும் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள்.

சாயங்காலம் அவளோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். நாத்தனார் பாதியாகியிருந்தாள். வாய் மட்டும் குறையவில்லை. நர்சுகளின் சீருடைத் தையல் சரியில்லை என்று குறை சொன்னாள். பேச்சு ஓய்ந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது உங்க கணக்குல நான் இருக்கேனா அண்ணி?"

அக்காவுக்குக் கணக்கில் பொய் சொல்ல வராது.

"இல்லடி. இன்னைக்குக் காலைலதான் எடுத்தேன்."

நாத்தனார் கையை விடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த மாதக் கணக்கில் விகிதம் கொஞ்சம் ஏறியிருந்தது. கடிதம் பார்த்து வந்தவர்களால் ஏறியது. தசமப் புள்ளிக்கு வெகு பின்னால் ஒரு துளி, நாத்தனாரை எடுத்ததாலும் ஏறியது. நல்ல முன்னேற்றம் என்று இயக்குநர் எல்லாருக்கும் குறிப்பு அனுப்பினார்.