விழுந்து காட்டிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டுக்குக் கயாக் வந்த அன்று, எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில்தான் முதல் சண்டை. புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓட்டுவோம். கயாக்குக்குச் சக்கரம் கிடையாது. அது மஞ்சள் நிறத்தில் நீளமான ஒரு பிளாஸ்டிக் படகு. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் அதன் மேல் உட்காரலாம். இரண்டு முனையிலும் தட்டை வைத்த ஒரே துடுப்பு. இடம், வலம் என்று மாற்றி மாற்றி வலிக்க வேண்டும்.

"மூக்குக்கு அடியில வைங்க மச்சான்" என்றான் என் மனைவியின் தம்பி. அவனுடைய குட்டியானைச் சரக்கு வண்டியில்தான் அதை ஏற்றி வந்திருந்தோம்.

"அங்கிட்டு வச்சா எப்புடிடா நசுங்கும்?"

"நீங்க ஏறி உக்காருங்க. தன்னால நசுங்கும்."

என் மனைவி வந்து பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் அது சர்பத்தாகத் திரும்பி வந்தது. ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்தோம். பூஜை அவ்வளவுதான்.

துபாயில் வயரிங் வேலை பார்த்த வருஷங்களில், லீவு நாளில் கடற்கரைக்குப் போனால் சிலர் கயாக்கில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். சத்தமில்லை, டீசல் புகையில்லை. அந்த ஆசை, ஊர் திரும்பி அரிமளத்தில் கடை போட்ட பிறகும் என்னை விடவில்லை. மீமிசல் போனால் கடலே இருக்கிறது. ஆனால் பழகாதவன் எடுத்த எடுப்பில் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் எங்கள் ஊர்க் கண்மாயிலேயே தொடங்கலாம் என்று, அதில் மீன் குத்தகை எடுத்திருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "தூண்டில் போட்டா என் மீனு தீந்துறப் போகுது? போய்ப் புடிங்க."

அப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். முழுப்பரீட்சை லீவு. முன் இருக்கை தனக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"லீவு முடியிறதுக்குள்ள நானும் மீன் புடிக்கணும்ப்பா. ஸ்கூல் தொறந்தா அம்மா விடமாட்டாங்க."

"மொதல்ல அப்பா ஒரு தடவ போய்ட்டு வாரேன். அடுத்தது நீ" என்றேன்.

கண்மாய்க் கரையில் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடுப்பில் கைலி. வீட்டிலிருந்து எப்படி வந்தேனோ அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டேன். நடுக் கண்மாய்க்குப் போய், கரையில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று தூண்டிலை ஓங்கி வீசினேன். தூண்டில் முன்னால் போனது, நான் பக்கவாட்டில் போனேன்.

தண்ணீரில் விழுந்ததும் கைலிக்குள் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி உப்பியது. அடுத்த நொடியே காற்று போய், ஈரத்துணி இரண்டு காலையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டது. ஜாக்கெட் இருந்ததால் தலை மேலேயே நின்றது. ஆனால் உதைத்து நீந்த முடியவில்லை. மைத்துனன் நீந்தி வந்து என்னையும் படகையும் சேர்த்துக் கரைக்குத் தள்ளினான். தூண்டில் சேற்றோடு போயிற்று.

"மீனுக்கு நீங்களே எரையாப் போயிட்டீங்களே மச்சான்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தக் கண்மாயிலேயே நீந்திப் பழகியவள். அதன் சேறும் தாமரைக் கொடியும் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எம்புள்ள இதுல ஏறணும்னா, நீங்க நடுத்தண்ணியில விழுந்து காட்டணும். யாரும் கை குடுக்காம நீங்களா ஏறியும் காட்டணும். அதுவரைக்கும் முன் சீட்டு காலியாவே இருக்கட்டும்."

மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவளுடைய லீவு முழுவதும் என் கையில் இருந்தது.

மறுநாளே அரைக்கால் சட்டை வாங்கினேன். நாற்பது வயதுக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. "என்னங்க, திரும்பவும் ஆறாப்பு சேரப் போறீங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அதற்கு மேல் வேட்டி கட்டிப் போய், கரையில் அவிழ்த்து வைத்தேன்.

காலையில் கடை திறப்பதற்கு முன்பு தினமும் பழகினேன். சுவர் ஏறுவது போல விளிம்பைப் பிடித்துத் தொங்கினால், படகு என் தலைமேலேயே கவிழ்ந்தது. வேகமாகத் தாவினால் அடுத்த பக்கம் போய் விழுந்தேன்.

"அப்பா, இங்கிட்டு ஏறி அங்கிட்டு எறங்கிட்டீங்க!" என்று மகள் கரையிலிருந்து கத்துவாள்.

செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்த பிறகுதான் தப்பு புரிந்தது. முதலில் தண்ணீரை உதைத்து உதைத்து, உடம்பைப் படுத்த வாக்கில் மிதக்க விட வேண்டும். அப்புறமும் படகின் மேல் ஏறப் பார்க்கக் கூடாது. தூங்குகிறவருக்கு அடியில் பாயை நுழைப்பது போல, படகை நமக்கு அடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். வயிறு குறுக்கே படுத்ததும் மெதுவாகப் புரண்டு உட்கார வேண்டும். கால்கள் கடைசியில்தான் வர வேண்டும்.

லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி குடையோடு வந்து கரையில் நின்றாள்.

"ஓரத்துல விழுந்தா ஒத்துக்க மாட்டேன். நடுவுல போங்க."

போனேன், விழுந்தேன். முதல் தடவை கை வழுக்கியது. மைத்துனன் சட்டையைக் கழற்றப் போனான். "நில்லுடா, அவுகளே ஏறட்டும்" என்று அவள் அதட்டுவது எனக்குக் கேட்டது. மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு காலை உதைத்தேன். வயிறு ஏறியது, புரண்டேன், உட்கார்ந்துவிட்டேன். மகள் குதித்த குதியில் கரையில் நின்ற கொக்குகள் பறந்துபோயின.

கரைக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "செரி, நீங்க ஏறிட்டீங்க. அவ விழுந்தா?"

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. மகளுக்கு நீச்சல் தெரியும். ஆனால் அவள் தண்ணீரிலிருந்து படகில் ஏறிப் பழகியதில்லை. என் மனைவியே அவளுக்கு ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டி, என் முன்னால் உட்காரவைத்து, அவளும் விழுந்து ஏறிக் காட்டட்டும் என்று அனுப்பினாள். நடுத்தண்ணீருக்குப் போனதும் மகள் தொபுக்கென்று குதித்தாள். படகு அவள் பக்கம் சாயாமலிருக்க நான் எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்தேன். இரண்டு உதை, ஒரு புரளல். தவளைக் குஞ்சு மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பட்ட பாட்டில் கால்வாசிகூட அவள் படவில்லை.

"அம்மா, இன்னொரு தடவ விழவா?"

"போதும்டி, மீனெல்லாம் ஓடிரும்! தூண்டிலப் போடு!"

சம்மதம் கிடைத்துவிட்டது. புதுத் தூண்டிலை ஆட்டுக் கயிற்றால் படகோடு கட்டியிருந்தேன். மண்புழுவைக் கோர்த்துக் கொடுத்தேன். தாமரை இலைகளின் ஓரத்தில் மகள் அதை மெல்ல வீசினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தக்கை ஒரே முழுக்காக உள்ளே போனது. படகின் மூக்கு லேசாக இலைகளின் பக்கம் திரும்பியது.

"அப்பா, மீனு நம்மள இழுக்குதுப்பா! புடிங்க, புடிங்க!"

என் கை தானாக நீண்டது. ஆனால் நான் முன்னால் எட்டினால் படகு ஆடும். துடுப்பைத் தண்ணீரில் படுக்கையாக அழுத்திக்கொண்டு, "நீயே சுத்தும்மா, மெதுவா" என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரீலைச் சுற்றினாள். வந்தது ஒரு விரால். வழுக்கி ஓடப் பார்த்ததை ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

"எவ்வளவு பெருசுடி? கையில காட்டு!" என்று கரையிலிருந்து அவள் அம்மா கத்தினாள்.

"கை ரெண்டும் மீனுல இருக்கும்மா! நீங்களே வந்து பாருங்க!"

என் மனைவி குடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்து நின்றாள்.