பதினொன்றாம் பிளாக் சைக்கிளில் நெய்வேலிக்கு

2014 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குத் திருவதிகையிலிருந்து புறப்பட்டேன். நெய்வேலி ஆர்ச் கேட் வரை ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர். பேருந்தில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். நான் சைக்கிளில் போனேன். போகும்போது அந்தச் சைக்கிள் எனக்குச் சொந்தம். திரும்பும்போதும் சொந்தமாக இருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிறிய, இருபது அங்குலச் சக்கரங்கள். கைப்பிடி மாட்டுக் கொம்புபோல மேலெழுந்து ஏறக்குறைய என் தோள் உயரத்துக்கு வரும். இருக்கை வாழைப்பழம் போல நீண்டு வளைந்தது, நெருக்கி உட்கார்ந்தால் இரண்டு பேர் போகலாம். நடுக்கம்பியில் காருக்கு இருப்பதுபோல ஒரு கியர் தடி, அதன் கீழே 1, 2, 3 என்று எண் பொறித்த தகடு. பண்ருட்டிப் பழைய இரும்புக் கடையில் அறுநூற்றைம்பது ரூபாய்க்குப் பேசி வாங்கியபோது ஏதோ சர்க்கஸ் சைக்கிள் என்று நினைத்தேன். பிறகு இணையத்தில் படங்களைப் பார்த்தபோதுதான் வெளிநாட்டுப் பிள்ளைகள் அறுபது, எழுபதுகளில் ஓட்டிய ‘மசில் பைக்’ என்று புரிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறார், அப்பா பலாப்பழ மண்டியில் மூட்டை தூக்குகிறார். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துக் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எட்டு மாத ஞாயிறுகளை இந்தச் சைக்கிளுக்குக் கொடுத்தேன். ஐந்து அடுக்குப் பெயின்ட்டைச் சுரண்டியபோது அடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது, அதே ஆரஞ்சை மறுபடி அடித்தேன். பின்சக்கரத்தில் கியர் இல்லை, தடியிலிருந்து போகவேண்டிய கம்பியும் இல்லை. யாரோ உண்மையான சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் கடையொன்றில் மூன்று கியர் உள்ளடங்கிய பின்சக்கர ஹப் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஆயிரத்து நானூறு ரூபாய். ஸ்போக்ஸ் கம்பிகளை நானே கோத்தேன். தடியின் அடியில் துளை போட்டுக் கம்பி இழுத்தேன். மூன்று கியரும் விழுந்த அன்று தெருவில் ஏழு முறை சுற்றினேன்.

போன மாதம் மிதிக்கட்டை அச்சின் அடியைத் துடைக்கும்போதுதான் வினை வந்தது. உளியால் தட்டிப் பதித்த எழுத்துகள்: B11-42. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது நெய்வேலி சுரங்க நிறுவனத்தின் க்வார்ட்டர்ஸ் எண், பதினொன்றாம் பிளாக், நாற்பத்திரண்டாம் வீடு.

“திருடினு வந்ததா இருந்தா யாரப் புடிப்பாங்க? கடைக்காரனையா? நம்மளத்தான்,” என்றார் அம்மா. “போயி குடுத்துட்டு வா.”

“காசு குடுத்து வாங்கினதும்மா. ரசீது இருக்குது.”

“ரசீதுல திருடலன்னு எழுதியிருக்குதா?”

எழுதியிருக்கவில்லை. ஆகவே புறப்பட்டேன்.

காலை 6.05. பண்ருட்டி. மண்டித் தெருவில் பலாப்பழ லாரிகள் நின்றன. உயரமான கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போகும்போது கைகள் இரண்டும் மேலே தூக்கியபடியே இருக்கும். அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் லாரி மேலிருந்து பார்த்துவிட்டார்.

“என்னா பாப்பா, கையத் தூக்கிகினு போற? போலீஸ் புடிச்சிகினு போவுதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று அந்த வேடிக்கையை என்னால் ரசிக்க முடியவில்லை.

6.50. காடாம்புலியூர். பண்ருட்டியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். இருபுறமும் முந்திரித் தோப்பு, செம்மண். சாலை மெல்ல ஏறி இறங்குவது பேருந்தில் போனால் தெரியாது, சின்னச் சக்கரத்தில் போனால் தொடைக்குத் தெரியும். ஏற்றத்தில் ஒன்றாம் கியர், இறக்கத்தில் மூன்று. டீ ஏழு ரூபாய். டீக்கடையில் நின்ற லாரி ஓட்டுநர் கியர் தடியை ஆட்டிப் பார்த்து, “ரிவர்ஸ் எங்க இருக்குது?” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

8.00. வடக்குத்து. ஊருக்குள் நுழையும்போது சங்கிலி கழன்றது. சாலையோரம் முருகையன் என்பவரின் சைக்கிள் கடை. வாரத்தில் ஆறு நாள் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஞாயிறு மட்டும் கடை. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பியவர் எண்ணைப் பார்த்தார்.

“பதினொன்னு பிளாக்கு வண்டியா?”

“எதுக்குங்க இப்பிடி வெட்டி வைக்கிறாங்க?”

“மைன்ஸ் ஷெட்டுல வரிசையா நிக்கும், எல்லாம் ஒரே கருப்பு. ஷிப்ட் முடிஞ்சி வர்றவன் தூக்கக் கலக்கத்துல எதையாச்சும் ஏறி மிதிச்சிகினு பூடுவான். மறுநாள் நம்பரப் பாத்து அந்தந்த வூட்ல கொண்டாந்து வுட்டுடுவாங்க.” சங்கிலியை மாட்டியபடி பற்றவைத்த இடங்களை விரலால் தடவினார். “இது கம்பெனி வெல்டிங் இல்ல போலக்குதே. ஆனா நல்ல கை.”

“வெளிநாட்டு வண்டிங்க,” என்றேன் சற்று அழுத்தமாக. நான் படங்கள் பார்த்தவள் அல்லவா.

“அப்பிடியா,” என்றார். பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

8.50. ஆர்ச் கேட்டைத் தாண்டி நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வேறு ஊர். கோடு போட்டதுபோல நேரான சாலைகள், இருபுறமும் மரங்கள், நிழல். ஹார்ன் சத்தம் குறைந்துவிட்டது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கேட், ஒவ்வொன்றிலும் எண். எங்கள் தெருவில் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டுமென்றால் வேப்பமரத்துக்கு எதிரில், குழாய்க்குப் பக்கத்தில் என்று சொல்வோம். இங்கே இரண்டு எண்கள் போதும். யாரையும் கேட்காமலே பதினொன்றாம் பிளாக் நாற்பத்திரண்டாம் வீட்டு வாசலில் போய் நின்றேன். பூட்டுக்குச் சரியான சாவி கிடைத்ததுபோல இருந்தது.

கீதா என்ற பெண்மணி வந்து கதவைத் திறந்தார். கணவருக்கு மின்நிலையத்தில் வேலை, இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடங்கள். சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார்.

“எங்களோடது இல்லை. ஆனா நம்பர் எங்க வீட்டு நம்பர்தானே, விட்டுட்டுப் போறதுன்னா விட்டுட்டுப் போங்க,” என்று சிரித்தார். பிறகு யோசித்தார். “எங்களுக்கு முந்தி இருந்தவங்களுக்கும் முந்தி தனபால்னு ஒரு வெல்டர் ரொம்ப வருஷம் இருந்தாராம். ரிட்டயர் ஆகி மந்தாரக்குப்பத்துல வீடு கட்டிட்டுப் போயிட்டார். அவர் பேருக்கு இன்னும் இங்கதான் தபால் வருது. போறீங்கன்னா இதையும் கொடுத்துடுங்களேன்.”

நீளமான பழுப்பு உறை ஒன்றை என்னிடம் கொடுத்து, வழியும் சொன்னார்.

10.15. மந்தாரக்குப்பம். டவுன்ஷிப்பின் நிழல் முடிந்து கடைகளும் வாடகை வீடுகளும் நெருக்கியடிக்கும் இடம். தனபால் வீடு மாடி வைத்தது, வாசலில் இரும்பு கேட். அறுபத்தெட்டு வயதிருக்கும், பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் கடலூர் வேலைக்குப் போடும் சுடிதாரில், சட்டைப்பையில்லாத குறைக்குத் தோள்பையில் பேனா செருகி, கையில் பழுப்பு உறையுடன் நின்றேன்.

“சார், பதினொன்னாம் பிளாக் நாப்பத்திரண்டுல இருந்தது நீங்கதானே? இந்தச் சைக்கிள் சம்பந்தமா விசாரிக்க வந்திருக்கேன்.”

அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை. உறையைப் பார்த்தார்.

“என்னுது இல்ல.”

“அடியில உங்க க்வார்ட்டர்ஸ் நம்பர் இருக்குது சார்.”

“எவனாச்சும் போட்டிருப்பான். நான் ரிட்டயர் ஆயி பத்து வருஷம் ஆவுது. எல்லாம் செட்டில் பண்ணிட்டாங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.”

நான் சந்தோஷமாகக் கிளம்பியிருக்க வேண்டும். கேட்க வந்த பதில் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒருவர் இல்லை என்கிறார், கண் மட்டும் என் கையிலிருக்கும் உறையை விட்டு நகரவில்லை. ஏன் என்று தெரியாமல் என்னால் நகர முடியவில்லை. அதற்குள் அவர் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம மகா வண்டியாச்சே இது.”

“நீ உள்ள போ.”

“கலர்கூட அதே கலரு...”

“உள்ள போன்னு சொல்றனா இல்லையா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “எந்த ஆபீஸ் நீங்க? விஜிலன்ஸா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திருட்டுச் சைக்கிள் வைத்திருக்கிறேனோ என்று பயந்து நான் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்திருக்கிறேன். என்னைக் கம்பெனியின் விசாரணை அதிகாரி என்று நினைத்து அவர் பயப்படுகிறார். அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். உறையைப் பிரித்தார். உடன் வேலை பார்த்த யாரோ ஒருவருடைய மகனின் கல்யாணப் பத்திரிகை. சரோஜா அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தனபால் சிரிக்க இன்னும் சற்று நேரம் ஆனது.

பிறகு சொன்னார். அது வெளிநாட்டு வண்டியே இல்லை. எண்பதுகளில் பக்கத்துத் தெருவில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினீயரின் பிள்ளை இப்படி ஒன்று ஓட்டியிருக்கிறது. மகள் மகேஸ்வரி அதுபோல வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. ஒர்க்ஷாப்பில் வெட்டிப்போட்ட பைப் துண்டுகளை டிபன் பையில் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து, நான்கு மாதத்தில் இவரே பற்றவைத்து, பழக்கதோஷத்தில் அடியில் வீட்டு எண்ணையும் வெட்டியிருக்கிறார். வடக்குத்து முருகையன் தடவிப் பார்த்தது இவருடைய கையைத்தான்.

“கழிவுல போற பைப்புதான். ஆனா கேட்டுல புடிச்சா கழிவுன்னு சொல்ல முடியுமா? பர்மனென்ட் வேலை பூடும்,” என்றார். “அப்பறம் ஒரு நாள் வண்டி காணாமப் பூடுச்சு. கம்ப்ளெயின்ட் குடுக்கவும் வழியில்ல. எந்தப் பைப்புன்னு கேட்டா என்னா சொல்றது?”

காணாமல் போனது என்றால் திருட்டுதான். அம்மா சொன்னது சரி. எட்டு மாத ஞாயிறுகளையும் ஒரு மூச்சில் விழுங்கிவிட்டுச் சைக்கிளை அவர் பக்கம் தள்ளினேன்.

“அப்ப இது உங்களுதுங்க. எடுத்துக்குங்க.”

“திருடு ஒண்ணும் போவல,” என்றார் சரோஜா அம்மா. “நான்தான் குடுத்தன்.”

“என்னா?” என்றார் தனபால்.

“க்வார்ட்டர்ஸ் க்வார்ட்டர்ஸா வந்து செக் பண்றாங்கன்னு அப்ப பேச்சு கெளம்புச்சே, ஞாபகம் இல்ல? பழைய இரும்புக்காரன் வந்தான். பெயின்ட்ட மாத்தி அடிச்சிக்கன்னு சொல்லிக் குடுத்துட்டன்.”

“இத்தினி வருஷமா திருட்டுப் பூடுச்சின்னு சொல்லிகினு இருந்த?”

“குடுத்தன்னு சொன்னா நீ அவன் பின்னாலயே ஓடியிருப்ப. அதுக்கு மாத்துதான் அந்த எவர்சில்வர் குடம். தெனம் அதுலதான் தண்ணி குடிக்கிற.”

தனபால் கதவுக்குள்ளே தெரிந்த குடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசியாக, முதன்முறையாக, சைக்கிளைப் பார்த்தார். எழுந்து வந்து சுற்றி நடந்தார். தடியருகே குனிந்தார்.

“இதுக்கு ஏன் கம்பி கட்டி வச்சிருக்க?”

“கியர் கம்பிங்க. பழசு அறுந்துபூட்டுது போல.”

“பழசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே அறுந்துபோறதுக்கு? அது சும்மா. மகா கியர் வேணும்னு கேட்டுச்சு. கியருக்கு நான் எங்க போறது? மேல தடி வச்சன், தகடு அடிச்சன். கீழ ஒண்ணும் கிடையாது. அது தெனம் தடியப் போட்டுப் போட்டு ஓட்டிகினு கெடக்கும்.”

இல்லாத ஒன்றைத் தொலைந்ததாக நினைத்து எட்டு மாதம் தேடியிருக்கிறேன். டிப்ளமோ படித்தவள், தரப் பரிசோதகர். முகம் சுட்டது.

அவர் லுங்கியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தார். தெருவில் மிதித்துப் போனார். கொஞ்ச தூரத்தில் தடியைத் தள்ளுவது தெரிந்தது. கால்கள் மெதுவாயின, வண்டி மெதுவாகவில்லை. மறுபடி தள்ளினார். தெருமுனையில் திரும்பி, மறுபடி போனார். மூன்றாவது முறையும் போனார். வேண்டுமென்று கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கேட்டால் கொடுத்துவிடத்தான் வேண்டும். பேருந்துக்காசு தனியாக வைத்திருந்தேன்.

வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. கைப்பிடியை என் கையில் கொடுத்தார்.

“என் வண்டி இல்லம்மா இது. என் வண்டில கியர் வுழாது.”

“எழுதிக் குடுப்பீங்களாங்க? அம்மாகிட்ட காட்டணும்.”

“அது மட்டும் கேக்காத. கையெழுத்துப் போட்டு மாட்டிகினவங்கள நெறயப் பாத்துட்டன்,” என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சரோஜா அம்மா பிடிவாதமாக நின்றார். குழம்பும் கருவாடும். தண்ணீர் அந்தக் குடத்திலிருந்துதான்.

வெயில் தாழட்டும் என்று மூன்றரைக்குக் கிளம்பினேன். டவுன்ஷிப்பின் நேர்ச்சாலைகளில் மறுபடி வந்தபோது ஷிப்ட் ஆட்கள் யாரோ வேகமாக மிதித்துப் போனார்கள். காலையில் அந்த எண்களைப் பார்த்து ஏங்கினேன். எல்லாம் எழுதி வைத்த ஊர், எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். எனக்குக் காகிதத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை, என்னைக் கரையேற்றியது சான்றிதழ்கள்தான். ஆனால் எண் என்னை வாசல்வரைக்கும்தான் கொண்டுபோய் விட்டது. எங்கேயும் எழுதாமல் வைத்திருந்ததுதான் அந்த வீட்டின் கதை. சைக்கிள் என்னுடையது என்பதற்கும் இப்போது ஒருவர் வாய்ச்சொல் தவிர எந்த அத்தாட்சியும் இல்லை. அதுவே போதும் என்று மிதித்தேன்.

மாலை 6.20. திருவதிகை. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளைப் பார்த்ததும் முகம் மாறியது.

“வாங்கிக்கலியா அவுங்க?”

நடந்ததைச் சொன்னேன். குடத்துக் கதைக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மறுபடி அதே கேள்விக்கு வந்தார்.

“நாளைக்கு எவனாச்சும் யாரு வண்டின்னு கேட்டா என்னா சொல்லுவ?”

“நான் செஞ்சதுன்னு சொல்லுவன்.”

அம்மா முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரலால் இருக்கையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப ஏன் தெருவுல நிறுத்திகினு இருக்க? உள்ள கொண்டாந்து வை. எவனாச்சும் தூக்கினு பூடப்போறான்.”